பார்த்தெனானைச் சுற்றி இன்னும் ஏன் சாரம் நிற்கிறது?

ஏதென்ஸ் சென்று திரும்பிய ஒருவர் மூன்று கேள்விகளைச் சேர்த்துக் கேட்டிருக்கிறார். அக்ரோபோலிஸ் குன்றின்மேல் பார்த்தெனான் கோயிலைச் சுற்றி நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாகச் சாரமும் பாரந்தூக்கியும் நிற்பது ஏன்? இவ்வளவு தொழில்நுட்பம் கைவசம் இருக்கும்போது கோயிலை முழுவதுமாகக் கட்டி முடித்து, வருகிறவர்களுக்கு அதன் பழைய அழகைக் காட்டிவிட்டால் என்ன? அப்படிக் கட்டக் கூடாது என்றால், உடைந்த கற்களுக்கு நடுவில் வெயிலில் நிற்கும் ஒரு சாதாரணப் பயணிக்கு அந்த இடம் எப்படிப் புரியும்?

மூன்றையும் சேர்த்துத்தான் விடை சொல்ல முடியும். பழங்காலக் கட்டடத்தைக் காப்பதும் அதை மக்களுக்குக் காட்டுவதும் இரண்டு தனி வேலைகள் என்றும், ஒன்று பொறியாளருக்கு உரியது, மற்றொன்று சுற்றுலாத் துறைக்கு உரியது என்றும் பலர் நினைக்கிறார்கள். அக்ரோபோலிஸின் கடந்த இருநூறு ஆண்டு வரலாற்றைப் பார்த்தால், காட்டுவதற்காக அவசரப்பட்டுச் செய்தவைதான் பிற்காலத்தில் காப்பவர்களுக்குப் பெரிய தலைவலியாக வந்து நின்றன என்பது தெரியும். இன்று அங்கே நடக்கும் வேலையில் பெரும்பங்கு, காலமும் போரும் செய்த சேதத்தைச் சீராக்குவது மட்டும் அன்று. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நல்லெண்ணத்தோடு செய்த சீரமைப்பு விட்டுச்சென்ற சேதத்தைச் சீராக்குவதும் ஆகும். இதை முதலில் மனத்தில் இருத்திக்கொண்டால் சாரத்தின்மீது வரும் எரிச்சல் பாதி குறையும்.

பார்த்தெனான் கி.மு. 447இல் தொடங்கப்பட்டு, சிற்ப வேலைகள் உட்பட கி.மு. 432இல் நிறைவுற்றது. ஏதென்ஸிலிருந்து சுமார் 16 கிலோமீட்டர் தொலைவில் உள்ள பெந்தெலி மலையில் வெட்டிய பளிங்குக் கற்களை அடுக்கிக் கட்டினார்கள். கற்களுக்கு இடையில் சாந்து கிடையாது. பக்கத்துக் கல்லோடு இணைக்க இரும்புக் கவ்விகளும், மேல்கல்லைக் கீழ்க்கல்லோடு இணைக்க இரும்பு முளைகளும் வைத்து, அவற்றைச் சுற்றி உருகிய ஈயத்தை வார்த்தார்கள். ஈயம் மிருதுவானது. காற்றும் நீரும் இரும்பை அண்டாமல் தடுத்ததோடு, நிலநடுக்கத்தின்போது கவ்வி சற்று அசைந்துகொடுக்கவும் அது இடம் தந்தது. தூண்களின் கதை வேறு. ஒவ்வொரு தூணும் பெரும்பாலும் பதினொரு உருளைக் கற்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து எழுப்பியது. உருளைகளின் நடுக்குழியில் மரக்கட்டையும் மரமுளையும் மட்டுமே இருந்தன. சீரமைப்புக்காகத் தூண்களைப் பிரித்தபோது அந்த மரத்துண்டுகள் சில மட்காமல் அப்படியே கிடைத்தன. இரண்டு கற்பரப்புகளும் காற்றுப் புகாத அளவுக்கு ஒட்டி உட்கார்ந்திருந்தன என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டியதில்லை.

அந்தக் கட்டடம் பிறகு தேவாலயம் ஆனது, மசூதி ஆனது, இரண்டு நிலையிலும் பெரும்பாலும் நின்றுகொண்டுதான் இருந்தது. 1687 செப்டம்பர் 26 அன்று வெனிஸ் படையின் குண்டு, ஊரை ஆண்ட ஒட்டோமான் துருக்கியர் உள்ளே சேமித்து வைத்திருந்த வெடிமருந்தின்மேல் விழுந்தது. நடுப்பகுதி முழுவதும் வெளிப்புறமாகச் சிதறியது. வடக்குத் தூண்வரிசையிலும் தெற்குத் தூண்வரிசையிலும் பெரிய இடைவெளிகள் விழுந்தன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரிட்டிஷ் தூதரான எல்ஜின் பிரபுவின் ஆட்கள் சிற்பங்களைக் கழற்றிக்கொண்டு போனார்கள். கிரேக்கம் விடுதலை பெற்ற பிறகு, புதிய நாட்டின் முகமாகக் குன்றின்மேல் பழைய கோயில்கள் தெளிவாகத் தெரிய வேண்டும் என்று, பிற்காலத்தில் எழுந்த வீடுகளையும் கோபுரத்தையும் மசூதியையும் அகற்றினார்கள். ‘காட்சிக்காக’ அங்கே செய்த முதல் பெரிய வேலை அதுதான். அந்த நடுக்கால வரலாற்றை இனி மீட்க வழியில்லை என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் வருத்தமாகவே இருக்கிறது.

அடுத்து வந்தவர் நிகோலாஸ் பலானோஸ் என்ற பொறியாளர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் அக்ரோபோலிஸின் சீரமைப்பு அவர் பொறுப்பில் இருந்தது. அதே குன்றில் உள்ள எரெக்தையான் கோயில், நுழைவாயில் மண்டபமான புரோபிலாயா, பிறகு பார்த்தெனானின் வடக்குத் தூண்வரிசை என்று ஒவ்வொன்றாக நிறுத்தினார். 1933 வாக்கில் வடக்குத் தூண்வரிசை எழுந்து நின்றபோது உலகமே மகிழ்ந்தது; இன்று பயணிகள் எடுக்கும் படங்களில் தெரியும் பார்த்தெனானின் வடிவம் பெருமளவு அவர் உருவாக்கியது. ஆனால் அவர் வைத்த இரும்புக்கு ஈயப் போர்வை இல்லை. கவ்விகளையும் கம்பிகளையும் கல்லில் வெட்டிய குழிகளில் சிமெண்ட் வைத்துப் பதித்தார். சிமெண்ட் வெடித்த இடத்தில் ஈரம் புகுந்தது, இரும்பு துருப்பிடித்தது, துருவேறிய இரும்பு பலமடங்கு பருத்தது. பருக்கும் இரும்புக்கு உள்ளே இடமில்லை. எனவே பளிங்கு உள்ளிருந்தே பிளந்தது. இரண்டாயிரத்து நானூறு ஆண்டுகள் தாங்கிய கற்கள் அரை நூற்றாண்டில் சில்லுசில்லாகப் பெயர்ந்து விழத் தொடங்கின.

இரும்புகூடப் போகட்டும், அதைக் கழற்றி எடுத்துவிடலாம். கழற்றி எடுக்க முடியாத ஒன்றையும் அந்தக் காலத்தில் செய்தார்கள். உடைந்த பழைய கல்லோடு புதிய துண்டை இணைக்க வேண்டுமானால், உடைந்த முகம் மேடுபள்ளமாக இருக்குமே. அதை உளியால் செதுக்கிச் சமதளமாக்கிவிட்டு, தட்டையான புதுக்கல்லை அதன்மேல் ஒட்டினார்கள். வேலை எளிது, பார்வைக்கும் சுத்தம். ஆனால் அந்த உடைவின் வடிவம்தான் அதற்குரிய மறுபாதித் துண்டைக் கண்டுபிடிக்க உதவும் ஒரே சாட்சி. அதைச் செதுக்கித் தள்ளிய பிறகு, தரையில் கிடக்கும் ஆயிரக்கணக்கான துண்டுகளில் எது அதன் சொந்தத் துண்டு என்று எவராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. சுவர்க்கற்களையும் தூண் உருளைகளையும் அவற்றின் சொந்த இடம் பாராமல், பொருந்தும் இடத்தில் வைத்ததும் உண்டு. நிற்கிறதா என்பது மட்டுமே அன்றைய அளவுகோலாக இருந்தது.

பலானோஸைக் குற்றவாளியாக்குவது என் நோக்கம் அன்று. அவர் காலத்து அறிவியல் அவருக்குக் கொடுத்த நம்பிக்கை அது. 1931இல் ஏதென்ஸிலேயே கூடிய பன்னாட்டு மாநாடு, பழங்கட்டடச் சீரமைப்பில் வலுவூட்டிய கான்கிரீட் உள்ளிட்ட நவீனப் பொருள்களைப் பயன்படுத்தலாம் என்று ஒப்புதல் அளித்தது. 1964இல் வெளியான வெனிஸ் சாசனம் என்ற பன்னாட்டுச் சீரமைப்பு நெறி இன்னும் நிதானமாகப் பேசியது: ஊகம் தொடங்கும் இடத்தில் சீரமைப்பு நின்றுவிட வேண்டும், புதிதாகச் சேர்க்கும் பகுதி மொத்தத்தோடு இசைந்தும், அதே வேளையில் பழையதிலிருந்து பிரித்தறியக்கூடியதாகவும் இருக்க வேண்டும், அகழ்ந்தெடுத்த இடங்களில் முழுக் கட்டுமானம் கூடாது, சிதறிக் கிடக்கும் மூலத் துண்டுகளைத் திரும்ப அவற்றின் இடத்தில் நிறுத்துவது மட்டுமே அனுமதிக்கத்தக்கது. அந்த மறுநிறுத்தத்துக்குக் கிரேக்கர்கள் தரும் பெயர் அனஸ்டைலோசிஸ், அதாவது தூணை மீண்டும் எழுப்புதல். 1975இல் அக்ரோபோலிஸ் நினைவுச்சின்னங்களுக்கென்று கட்டடக்கலைஞர், தொல்லியலாளர், பொறியாளர், வேதியியலாளர் ஆகியோர் சேர்ந்த தனிக்குழு அமைந்தது. 1979இல் எரெக்தையானில் வேலை தொடங்கியது. 1981 பிப்ரவரியில் வந்த நிலநடுக்கம் பார்த்தெனானின் கிழக்குப் பக்கத்தை அசைத்துவிட்டது. 1983இல் பார்த்தெனானிலும் சாரம் ஏறியது. நீங்கள் பார்த்த சாரம் அந்த வேலையின் தொடர்ச்சி.

இப்போது அங்கே ஒரு கல்லுக்கு என்ன நடக்கிறது என்று அருகில் போய்ப் பார்ப்போம். பலானோஸ் காலத்தில் இணைத்த ஓர் உத்திரக் கல்லை இறக்குகிறார்கள். துருப்பிடித்த இரும்பைச் சுற்றியுள்ள சிமெண்டைச் சிறுகச் சிறுகக் குடைந்து, கல் மேலும் பிளக்காமல் இரும்பை வெளியே எடுக்கிறார்கள். கல்லின் ஒவ்வொரு முகத்தையும், பழைய கவ்விக்குழிகளையும், உளித்தடங்களையும் வரைந்து பதிவு செய்கிறார்கள். துண்டுகளாகப் பிரிந்த கல்லை, வெண்சிமெண்ட் கலவை தடவி, டைட்டானியக் கம்பிகளால் கோத்து ஒன்றாக்குகிறார்கள். டைட்டானியம் துருப்பிடிக்காது; வெயிலில் அது விரியும் அளவும் பளிங்கு விரியும் அளவும் நெருங்கியவை. கம்பி எவ்வளவு பருமனாக இருக்க வேண்டும் என்பதில் ஒரு நுட்பமான கணக்கு உண்டு. பெரிய நிலநடுக்கம் வந்தால் பழைய பளிங்கு உடைவதற்கு முன்னால் டைட்டானியம் வளைந்துகொடுக்க வேண்டும் என்பதற்காக, வேண்டுமென்றே அதன் வலிமையை ஓர் எல்லைக்குள் வைக்கிறார்கள். சேதம் வந்தே தீரும் என்றால் அது நம் காலத்துப் பொருளுக்கு வரட்டும், அவர்கள் காலத்துப் பொருளுக்கு வேண்டாம் என்ற தீர்மானம் அந்தக் கணக்குக்குள் இருக்கிறது.

காணாமல் போன பகுதிக்குப் புதுப்பளிங்கு வேண்டும். அது அதே மலையின் வடக்குச் சரிவில் உள்ள டியோனிசோஸ் சுரங்கத்திலிருந்து வருகிறது. உடைந்த முகத்தை இப்போது எவரும் செதுக்குவதில்லை. அந்த மேடுபள்ளத்தின்மேல் சுண்ணச்சாந்து வார்த்து அச்செடுக்கிறார்கள். அச்சின் ஒவ்வொரு புள்ளியையும் அளவு தவறாமல் மாற்றிக் குடையும் கருவியால் புதுக்கல்லில் அதே மேடுபள்ளத்தைக் கொண்டுவருகிறார்கள். கடைசிச் சில மில்லிமீட்டர்களைக் கல்தச்சர் கையுளியால் தட்டி முடிக்கிறார். பழைய கல்லின் மேட்டுக்குப் புதுக்கல்லில் பள்ளமும், பழையதின் பள்ளத்துக்குப் புதியதில் மேடும் அமைந்து, இரண்டும் கைகோத்ததுபோல் பொருந்துகின்றன. நாளை உண்மையான துண்டு எங்கிருந்தேனும் கிடைத்தால், புதியதை எடுத்துவிட்டு அதை வைக்கலாம். பழைய முகம் அதற்காகக் காத்திருக்கிறது. ஒரு கல்லுக்கு வாரங்கள், சில வேளை மாதங்கள் ஆவதன் காரணம் இதுவே. செதுக்கித் தட்டையாக்கினால் சில நாட்களில் முடிந்துவிடும்.

எந்தக் கல் எங்கே இருந்தது என்று எப்படித் தெரியும் என்ற ஐயம் உங்களுக்கு எழலாம். பார்த்தெனானில் நேர்கோடு என்று நாம் நினைக்கும் எதுவும் நேர்கோடு அன்று. தூண்கள் நிற்கும் தளம் நடுவில் மெல்ல உயர்கிறது. நீண்ட பக்கங்களில் அந்த உயர்வு ஏறத்தாழ 11 சென்டிமீட்டர். தூண்கள் உட்புறமாகச் சற்றே சாய்கின்றன, மூலைத்தூண்கள் மற்றவற்றைவிடக் கொஞ்சம் பருமன். ஆகவே பார்வைக்கு ஒன்றுபோல் தோன்றும் இரண்டு கற்கள் அளவில் ஒன்றாக இருப்பதில்லை. கட்டியவர்களின் இந்த நுணுக்கம் சீரமைப்பவர்களுக்கு ஒரே நேரத்தில் சுமையும் உதவியும் ஆகிறது: தவறான இடத்தில் கல் உட்காராது, சரியான இடம் கிடைத்துவிட்டால் அதில் ஐயமே இல்லை. மனோலிஸ் கோரெஸ் என்ற கட்டடக்கலைஞர் பல ஆண்டுகள் குன்றின்மேல் கிடந்த கற்களை அளந்து, கவ்விக்குழிகளின் இடைவெளியையும் வெயில் மழையால் தேய்ந்த விளிம்பையும் கொண்டு எத்தனையோ கற்களுக்கு அவற்றின் பழைய இருப்பிடத்தைக் காட்டிக்கொடுத்தார். கோயிலுக்குள் நிறுவிய பாரந்தூக்கியும், வேலை இல்லாத நேரத்தில் மடங்கித் தூண்களுக்குப் பின்னால் ஒதுங்கிக்கொள்ளும்படி வடிவமைக்கப்பட்டது. கீழே நகரத்தில் இருந்து பார்ப்பவர் கண்ணையும் கணக்கில் வைத்திருக்கிறார்கள் என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

அவசரத்தின் விலையைச் சொல்ல, தென்மேற்கு மூலையில் உள்ள ஏதீனா நைக்கி என்ற சிறு கோயில் போதும். 1686இல் ஒட்டோமான் படையினர் அரண் கட்டுவதற்காக அதைப் பிரித்தார்கள். 1830களில் அரணை இடித்து, கற்களை எடுத்துக் கோயிலை முதன்முறை நிறுத்தினார்கள். நூறு ஆண்டுகள் கழித்து அடித்தளம் ஆட்டம் கண்டதால் 1935–40இல் முழுவதும் பிரித்து மீண்டும் கட்டினார்கள். அந்த இரண்டாம் கட்டுமானத்தின் இரும்பும் கான்கிரீட்டும் கெட்டுப்போனதால் 2000ஆம் ஆண்டு தொடங்கி மூன்றாம் முறையாகப் பிரித்து 2010இல் நிறுத்தினார்கள். ஒவ்வொரு முறை கல்லைக் கழற்றும்போதும் விளிம்பு கொஞ்சம் உதிரத்தான் செய்யும். மூன்றாம் தலைமுறை செய்த பதிவுகள் இரண்டாம் தலைமுறையிடம் இருந்திருந்தால் அந்தச் சேதத்தில் ஒரு பங்கையேனும் தவிர்த்திருக்கலாம்.

கட்டுமானத்தைப் போலவே கல்லின் தோலும் காக்கப்பட வேண்டும். இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் ஏதென்ஸின் வாகனங்களும் எண்ணெய் எரிக்கும் அடுப்புகளும் வெளியிட்ட கந்தக டையாக்சைடு, ஈரத்தோடு சேர்ந்து பளிங்கின் மேற்பரப்பை ஜிப்சமாக மாற்றியது. மழை நேரடியாக விழும் இடத்தில் அந்த ஜிப்சம் கரைந்து ஓடி, சிற்பத்தின் முகம் மழுங்கியது. மழை படாத மறைவிடங்களில் புகைக்கரி சேர்ந்து கறுப்பு ஓடாகப் படிந்தது. எரெக்தையானின் கன்னியர் தூண்கள், அதாவது தூண்களாக நின்று கூரையைத் தாங்கும் பெண் சிலைகள், இதற்குப் பெரிய இரை. ஆறு கன்னியரில் ஒருத்தி எல்ஜின் காலத்திலேயே லண்டன் போய்விட்டாள். மீதி ஐவரையும் 1979இல் இறக்கி அருங்காட்சியகத்துக்குக் கொண்டுபோய்விட்டு, அவர்கள் இடத்தில் வார்ப்புப் பிரதிகளை நிறுத்தினார்கள். பார்த்தெனானின் மேற்குப் பக்கச் சிற்பப் பட்டிகையும், அதாவது மேலே நீளமாக ஓடும் புடைப்புச் சிற்ப வரிசையும், 1993இல் இறங்கியது.

கறுப்பு ஓட்டை நீக்குவது சாதாரணத் துப்புரவு வேலை அன்று. ஓட்டுக்கு அடியில் பளிங்காக இருந்து ஜிப்சமாக மாறிய மெல்லிய படலம் இருக்கிறது. சிற்பி விட்ட உளித்தடமும் வண்ணத்தின் எச்சமும் அந்தப் படலத்தில்தான் மிச்சம் இருக்கின்றன. அதையும் சேர்த்துச் சுரண்டிவிட்டால் கல் வெள்ளையாகும், சிற்பம் போய்விடும். கிரீட் தீவில் உள்ள ஆய்வு நிறுவனத்தோடு சேர்ந்து, அகச்சிவப்பு, புற ஊதா என்ற இரண்டு அலைநீளங்களையும் ஒரே நேரத்தில் பாய்ச்சும் லேசர் முறையை உருவாக்கினார்கள். ஒன்றை மட்டும் பயன்படுத்தினால் கல் மஞ்சளிக்கும், மற்றொன்றை மட்டும் பயன்படுத்தினால் சாம்பல் நிறம் தங்கும். இரண்டையும் சரியான விகிதத்தில் கலந்தால் கரி மட்டும் ஆவியாகிறது. 2011 முதல் 2014 வரை கன்னியர் சிலைகளை இந்த முறையில் சுத்தம் செய்தபோது, அவற்றை ஆய்வுக்கூடத்துக்குள் மறைத்துவைக்காமல், அருங்காட்சியக மாடத்திலேயே திரை கட்டி, உள்ளே நடப்பதைத் திரைக்காட்சியாகப் பயணிகளுக்குக் காட்டினார்கள். இந்த ஒரு முடிவு எனக்கு மிகவும் பிடித்தது. கண்ணாடி அணிந்த ஒரு பெண் அரை மணி நேரம் ஒரு தலைமுடிப் பின்னலின் ஒரு மடிப்பிலேயே லேசரைப் பிடித்துக்கொண்டிருப்பதை ஒருமுறை பார்த்தவர், வேலை ஏன் இத்தனை மெதுவாக நடக்கிறது என்று பிறகு கேட்கமாட்டார்.

இனி இரண்டாம் கேள்வி, முழுவதுமாகக் கட்டிவிடுவது. அக்ரோபோலிஸிலிருந்து கீழே பார்த்தால் பழைய சந்தை வெளியில் சிவப்பு ஓட்டுக்கூரையோடு நீண்ட தூண்மண்டபம் ஒன்று தெரியும். பெர்காமோன் அரசர் இரண்டாம் அத்தாலோஸ் கி.மு. இரண்டாம் நூற்றாண்டில் கட்டிக்கொடுத்த அதை, 1952–56இல் அமெரிக்கத் தொல்லியல் பள்ளியினர் அடித்தளத்திலிருந்து கூரைவரை திரும்பக் கட்டினார்கள். இன்று அது அருங்காட்சியகம். வெயிலிலிருந்து அந்தக் குளிர்ந்த நிழலுக்குள் நுழையும்போது, ஒரு கிரேக்கத் தூண்மண்டபம் எதற்காகக் கட்டப்பட்டது என்பது எந்த விளக்கப்பலகையும் இல்லாமல் உடம்புக்குப் புரிகிறது. அதன் ஒரு முனை கூரை உயரம்வரை தப்பியிருந்தது, மற்றவை எல்லாம் ஒரே அளவு திரும்பத் திரும்ப வருபவை. எனவே ஊகத்துக்கு இடம் குறைவு. ஆயினும் அது இருபதாம் நூற்றாண்டுக் கட்டடம்தான். கிரீட்டில் உள்ள க்னோசோஸ் அரண்மனையில் பிரிட்டிஷ் தொல்லியலாளர் ஆர்தர் எவன்ஸ் கான்கிரீட்டில் எழுப்பி வண்ணம் பூசிய பகுதிகளோ வேறு வகை. அங்கே சான்றைவிட ஊகம் மிகுதி. சிவப்புத் தூண்களின் முன் நிற்கும் பயணிகளில் பலர் தாம் பார்ப்பது மூவாயிரத்து ஐந்நூறு ஆண்டுப் பழமை என்றே நம்பித் திரும்புகிறார்கள். அந்தக் கான்கிரீட்டும் இப்போது வெடித்து, அதைச் சீரமைப்பதே தனி வேலையாகிவிட்டது.

என் கருத்தைக் கேட்டால், ஒரு தளத்தில் ஏதேனும் ஒரு கட்டடத்தை, சான்று முழுமையாக உள்ள ஒன்றை, நிழலுக்கும் புரிதலுக்கும் முழுவதுமாக எழுப்புவதில் தவறில்லை. ஆனால் அது எந்த ஆண்டில் கட்டப்பட்டது என்பது வாசலிலேயே தெரிய வேண்டும், அதுவும் அந்த இடத்தின் தலைமைக் கட்டடமாக இருக்கக் கூடாது. பார்த்தெனானை அப்படி முடித்தால், 1687இல் அங்கே நடந்ததை நாமே அழித்தவர்கள் ஆவோம். இடைவெளி விழுந்த தூண்வரிசையும் வரலாற்றின் பகுதிதான்.

ஒன்றும் செய்யாமல் மூடிவைப்பதும் விடை ஆகாது. தென் கிரேக்கத் தீபகற்பமான பெலொபொன்னீசில் 1,130 மீட்டர் உயரத்தில் பாசை என்ற இடத்தில் அப்பல்லோ கோயில் ஒன்று இருக்கிறது. கிரேக்கத்திலிருந்து உலகப் பாரம்பரியப் பட்டியலில் முதலில், 1986இல், இடம்பெற்றது அதுதான். மழையும் பனியும் அதன் சுண்ணாம்புக்கல்லைத் தின்றுகொண்டிருந்ததால் 1987இல் மேலே பெரிய கூடாரம் போட்டார்கள். தற்காலிகம் என்று போட்ட அந்தக் கூடாரம் இன்றும் நிற்கிறது. கல் பிழைத்தது. ஆனால் மலைகளுக்கு நடுவே தனித்து நிற்பதற்காகவே கட்டிய கோயில், மலைகளைப் பார்க்க முடியாமல் துணிக்குள் நிற்கிறது. அந்தச் சூழலைத் திருப்பிக்கொடுக்க வேண்டுமானால் அடித்தளத்தைப் பலப்படுத்தி, கல்லைக் கல்லாகச் சீராக்கும் வேலை முடிந்தாக வேண்டும். அதற்கும் சாரம் வேண்டும், காலமும் வேண்டும்.

மூன்றாம் கேள்விக்கு வருகிறேன். பயணிக்கு எப்படிப் புரியும்? குன்றின்மேல் விளக்கப்பலகைகளை நிறைத்துவிட முடியாது. எனவே புரியவைக்கும் வேலையில் பெரும்பங்கைக் குன்றுக்குக் கீழே வைத்தார்கள். 2009இல் திறந்த அக்ரோபோலிஸ் அருங்காட்சியகத்தின் மேல்தளம், கீழ்த்தளங்களிலிருந்து சற்றே திரும்பி, பார்த்தெனானின் திசைக்கு இணையாக நிற்கிறது. அதன் நடுவில் கோயிலின் அளவிலேயே சுமார் 160 மீட்டர் நீளச் சிற்பப் பட்டிகை முழுவதும் சுற்றிவருகிறது. மூலக்கற்கள் தேன்நிறத்தில் இருக்கும். லண்டனிலும் பிற ஊர்களிலும் உள்ளவற்றுக்குப் பதில் வைத்த சாந்துப் பிரதிகள் வெள்ளையாக இருக்கும். எது இங்கே, எது அங்கே என்பது எழுத்துக்கூட்டி வாசிக்காத குழந்தைக்கும் தெரியும். பட்டிகையிலிருந்து கண்ணை எடுத்தால் கண்ணாடிச் சுவருக்கு வெளியே கோயில் நிற்கிறது. கட்டடத்துக்கு அடித்தளம் தோண்டும்போது வெளிப்பட்ட பழைய தெருக்களையும் வீடுகளையும் மூடிவிடாமல், தூண்களை அவற்றுக்கிடையில் ஊன்றி, மேலே கண்ணாடித் தரை போட்டார்கள். 2019 முதல் மக்கள் கீழே இறங்கியும் நடக்கிறார்கள்.

புரிதலுக்கு நடைபாதையும் ஒரு பங்கு செய்கிறது. 1954–57இல் கட்டடக்கலைஞர் திமித்ரிஸ் பிக்கியோனிஸ், குன்றைச் சுற்றியும் எதிரிலுள்ள பிலோபாப்பூ குன்றிலும் அமைத்த பாதைகளை நடந்தவர்கள் அறிவார்கள். அக்காலத்தில் ஏதென்ஸில் இடித்துத் தள்ளிய பழைய வீடுகளின் பளிங்குத் துண்டுகளையும் சிதைந்த கற்களையும், பெரும்பாலும் இடத்திலேயே நின்று முடிவு செய்து, கல்தச்சர்களோடு சேர்ந்து ஒவ்வொன்றாகப் பதித்தார். பாதை சில இடங்களில் வளைகிறது, சில இடங்களில் அகன்று நிற்கச் சொல்கிறது. நிற்கும் இடத்தில் மரங்களுக்கு இடையே கோயில் தெரிகிறது. காண்பவருக்காகச் செய்த வேலைகளில் இதைவிடச் சிறந்த ஒன்றை நான் பார்த்ததில்லை.

குன்றின் உச்சியில் நிலைமை கடினம். அங்கே தரை என்பது பாறை. கோடிக்கணக்கான கால்கள் பட்டு அந்தச் சுண்ணாம்புப்பாறை கண்ணாடிபோல் வழுவழுப்பாகிவிட்டது. மழைநாளில் வழுக்கி விழுந்தவர்கள் ஏராளம், சக்கர நாற்காலியில் வருபவர்களுக்கோ மேலே நகர்வது மிகக் கடினமாக இருந்தது. 2020இல் வடக்குச் சரிவில் புதிய மின்தூக்கியும், மேலே அகன்ற கான்கிரீட் பாதைகளும் அமைந்தன. மின்தூக்கி அவ்வளவாகச் சர்ச்சைக்கு உள்ளாகவில்லை. பாதைகள் பெரும் சர்ச்சையைக் கிளப்பின. பாறைக்கும் கான்கிரீட்டுக்கும் இடையில் பிரிப்புப் படலம் விரித்திருப்பதால் எப்போது வேண்டுமானாலும் அகற்றலாம் என்பது அமைத்தவர்களின் வாதம். பாறையில் படிக்கட்டுக்கும் சிலைக்கும் வெட்டிய பழைய தடங்களை மறைத்து, இடத்தின் இயல்பான மேடுபள்ளத்தையே மாற்றிவிட்டது என்பது எதிர்த்தவர்களின் வாதம். அந்தக் குளிர்காலத்தில் மழைநீர் தேங்கியபோது வாதம் இன்னும் சூடேறியது. வடிகால் ஏற்பாடுகளைத் திருத்த வேண்டிவந்தது. நடக்க முடியாதவருக்கும் பார்த்தெனானைப் பக்கத்தில் பார்க்க உரிமை உண்டு என்பதில் எனக்கு ஐயமில்லை. அதற்கு ஒரு பாதை தேவை. அவ்வளவு அகலம் தேவையா என்பதில்தான் ஐயம். அந்த அகலம் சக்கர நாற்காலிக்காக மட்டும் அமைந்ததாக எனக்குத் தோன்றவில்லை, கூட்டத்துக்கும் சேர்த்தே அமைந்தது.

கூட்டத்தைப் பாதையை அகலமாக்கிச் சமாளிக்க முடியாது, எண்ணிக்கையைக் கட்டுப்படுத்தித்தான் ஆக வேண்டும். 2023 செப்டம்பர் முதல் ஒரு நாளைக்கு 20,000 பேர் என்ற வரம்பும், நேரம் குறித்த நுழைவுச்சீட்டும் நடைமுறைக்கு வந்தன. கடும் வெப்ப அலை வீசும் கோடை நாட்களில் நண்பகலில் சில மணி நேரம் தளத்தை மூடுகிறார்கள். மேலே நிழல் இல்லை, கல் சூட்டைத் திருப்பி வீசும். நீண்ட காலமாகவே பார்த்தெனானுக்கு உள்ளே பயணிகளை அனுமதிப்பதில்லை.

அக்ரோபோலிஸைப் பார்த்துச் சோர்ந்தவர்களுக்கு நான் சொல்வது, தெற்கே பழைய மெசினிக்குப் போங்கள் என்பது. கி.மு. 369இல் நிறுவிய நகரம் அது. பெத்ரோஸ் தெமெலிஸ் 1980களின் பிற்பகுதியிலிருந்து பல பத்தாண்டுகள் அங்கே அகழ்ந்தார். தோண்டிய பகுதியைக் காயவிடாமல், கூடவே சீரமைத்துக்கொண்டும் வந்தார். விளையாட்டரங்கின் இருக்கைகளும் அதைச் சூழ்ந்த தூண்வரிசைகளும், தரையில் விழுந்து கிடந்த சொந்தக் கற்களைக் கொண்டே எழுந்தவை. வேண்டிய இடத்தில் மட்டும் புதுக்கல். ஒலிவ மரங்கள் அப்படியே நிற்கின்றன, சந்தையிலிருந்து அரங்குக்கு அன்று நடந்த வழியிலேயே நாமும் நடக்கிறோம். பலகைகள் குறைவு, குழப்பமும் குறைவு. கட்டடங்கள் தம்முள் கொண்ட ஒழுங்கு திரும்பிவிட்டால், தூண்களில் பாதி இல்லாவிட்டாலும் நகரம் புரிந்துவிடுகிறது.

மறுபடி ஏதென்ஸ் போக வாய்த்தால், வடக்குத் தூண்வரிசைக்குக் காலை முதல் நுழைவிலேயே போய் நில்லுங்கள். வெயில் சாய்வாக விழும்போது தூணின் பள்ளவரிகளில் பழைய பளிங்கின் தேன்நிறமும் புதியதின் வெண்மையும் சந்திக்கும் கோடு தெளிவாகத் தெரியும். அந்தக் கோடு நேராக இருந்தால் அது பலானோஸ் காலத்தில் செதுக்கியதன் மிச்சமாக இருக்கலாம். ஆற்றங்கரைபோல் வளைந்து வளைந்து போனால், ஒரு கல்தச்சர் பழைய உடைவை ஒரு மில்லிமீட்டரும் தொடாமல், தன் கல்லை அதற்கேற்பக் குடைந்திருக்கிறார். பெந்தெலிப் பளிங்கில் உள்ள இரும்புச்சத்தால் புதுக்கல்லும் காலப்போக்கில் நிறம் மாறும். நிறவேறுபாடு மங்கும், கோடு மட்டும் இருக்கும்.